அளவக்காவும் பம்பரத்தின் இடது காலும்

விடுதிப் பெண்கள் அவளை நேரில் மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் அளவக்கா என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வாள். வேலை உத்தரவில் பிசியோதெரபிஸ்ட் என்று இருந்தாலும், பதிமூன்று வயதிலிருந்து பதினேழு வயது வரை அறுபது பெண்கள் கால்பந்து ஆடும் இடத்தில், கையில் டேப்பும் காதில் பேனாவுமாகத் திரிகிற ஒருத்திக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்?

அதற்கு முன் பதினோரு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் இருந்தாள். இடுப்பு முறிந்த கிழவர்களைக் கட்டிலிலிருந்து குளியலறை வரை நடக்க வைப்பதுதான் வேலை. அவர்கள் திட்டுவார்கள், அழுவார்கள், நாலு நாள் கழித்து நடந்துவிட்டு அவளைக் கும்பிடுவார்கள். முப்பத்தெட்டு வயதில் விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தபோது, இனி ஓடுகிற கால்களைப் பார்க்கலாம் என்று சந்தோஷமாகத்தான் வந்தாள். பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில், பழைய வலைகளும் உடைந்த தடுப்புக் கட்டைகளும் கிடந்த ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். கூரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். உயரமான பெண்கள் அந்தப் பக்கம் போனால் தலையில் இடித்துக்கொள்வார்கள்.

வந்த முதல் வருஷமே, இரண்டு மாத இடைவெளியில், இரண்டு பெண்களுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. இரண்டு தடவையும் யாரும் இடிக்கவில்லை, யாரும் காலை வாரவில்லை. ஓடினார்கள், திரும்பினார்கள், பாதம் தரையிலேயே நின்றது, முழங்கால் மட்டும் திரும்பிவிட்டது. இரண்டாவது பெண்ணோடு ஆம்புலன்ஸில் போனது அவள்தான். வழியெல்லாம் அந்தப் பெண் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்குள்ள சரியாயிடும்ல மேடம்?"

இரண்டு பேருமே ஆட்டத்துக்குத் திரும்பி வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பயிற்சி வகுப்பு வந்தது. இரண்டு நாள். வெள்ளை ஷூ போட்ட ஒரு நிபுணர், கணீரென்று பேசுகிறவர், மேடையில் ஒரு பெண்ணை ஒற்றைக் காலில் நிற்க வைத்துக் காட்டினார். ஒரு காலில் நின்றுகொண்டு மறு காலால் ஒரு கட்டையை எவ்வளவு தூரம் தள்ள முடிகிறது, ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் தாண்ட முடிகிறது, இடது எவ்வளவு, வலது எவ்வளவு. ஒரு கால் தாண்டும் தூரத்தில் மறு கால் பத்தில் ஒன்பது பங்காவது தாண்ட வேண்டும். அதற்குக் கீழே போனால் அந்தப் பெண் ஆபத்தில் இருக்கிறாள் என்றார். அளவக்கா ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள். முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்திருக்கிறது. தெரியாமல் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டோமே!

திரும்பி வந்தவள் மறுநாளே அறைத் தரையில் பட்டைகளை ஒட்டினாள். சுவரோரம் அளவுகோடு வரைந்தாள். ஒரு தாளில் விதி எழுதினாள்: ஆட்டப் பருவத்துக்கு முன் எல்லோரும் சோதனைக்கு வர வேண்டும், கால்கள் சமமில்லாதவள் வெளி ஆட்டம் எதற்கும் போகக் கூடாது, ஆறு வாரம் உடற்பயிற்சி, பிறகு மறு சோதனை.

கோச் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, இது என்ன தராசா? ஒரு கால்ல ஊனி ஒரு கால்ல உதைக்கிற ஆட்டம் இது. ரெண்டு காலும் ஒண்ணா எப்படி இருக்கும்?"

"அந்த ரெண்டு பொண்ணுங்க முழங்காலுக்கு யாரு சார் பதில் சொல்றது? நீங்களா, நானா?"

கோச் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். விடுதிச் செயலாளர் கையெழுத்துப் போட்டார். அவள் எழுதிய ஒரு தாளுக்குக் கீழே இன்னொருவர் கையெழுத்து விழுந்தது அதுதான் முதல் தடவை. அன்று மாலை அவள் நடையே வேறாக இருந்தது.

விதி வந்த முதல் வருஷம் ஒழுங்காகப் போனது. இரண்டாம் வருஷம் பெண்கள் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பலவீனமான காலை ஒரே நாளில் பலப்படுத்த முடியாது. ஆனால் பலமான காலை அடக்கி வாசிக்கலாம். வாசலுக்கு வெளியே வரிசையில் நின்று குசுகுசுப்பார்கள்.

"உனக்கு இடது எவ்வளவு வந்துச்சு?"

"நூத்திப் பதினஞ்சு."

"அப்ப வலதையும் அங்கேயே நிறுத்திடு. முக்கி முக்கித் தாண்டித் தொலைச்சிடாதே."

அளவக்கா லேசுப்பட்டவள் இல்லை. பழைய நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்வாள். போன வருஷத்தைவிடக் குறைவாகத் தாண்டினால், "பொண்ணே, வயசு கூடக்கூட தூரம் குறையுதா? நீ என்ன ரிட்டையர் ஆகப் போறியா?" என்று திரும்பத் தாண்ட வைப்பாள். அப்படிப் பிடிபட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தியின் அப்பா, மரக்கடையில் அறுவை மெஷின் ஓட்டுகிறவர், சட்டையெல்லாம் மரத்தூளோடு அவள் அறை வாசலில் வந்து நின்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவள் அசையவில்லை. "உங்க பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றேன். ஆறே வாரம் பொறுத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டாள். ஆறு வாரத்தில் அவள் போகவிருந்த போட்டி முடிந்துவிட்டது. அந்தப் பெண் அடுத்த வருஷம் விடுதிக்கு வரவில்லை.

அந்த இரண்டாம் வருஷம்தான் அளவக்காவின் அக்கா மகள் விடுதியில் சேர்ந்தாள்.

அளவக்கா கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அக்கா ஒரு ஹோட்டலின் துணி வெளுக்கும் பிரிவில் விரிப்புகளை இஸ்திரி போடுகிற வேலைக்குக் காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவாள். அதனால் அந்தப் பிள்ளையைப் பாதி வளர்த்தது சித்திக்காரிதான். முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்ததும், சைக்கிளில் பின்னால் வைத்து மைதானத்துக்குக் கூட்டிப் போனதும் அவள்தான். பந்தோடு ஒற்றைக் காலில் சுழன்று திரும்புகிற அழகைப் பார்த்துப் பெண்கள் அந்தப் பிள்ளைக்குப் பம்பரம் என்று பேர் வைத்திருந்தார்கள். எதிரே நிற்பவள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பாள். கோச்சே ஒரு தடவை, "இதைச் சொல்லிக் கொடுக்க முடியாதும்மா. கூடவே பொறந்திருக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்.

பதினைந்தாம் வயதில் பம்பரத்துக்கு இடது கணுக்கால் பிசகியது. வீக்கம் வடிந்ததும் ஆட ஆரம்பித்துவிட்டாள். சித்தி கொடுத்த உடற்பயிற்சிகளைச் செய்கிறேன் செய்கிறேன் என்று சொல்லிப் பாதியில் விட்டாள். எட்டு மாதம் கழித்து மாநில அணிக்கான பெரிய தேர்வு முகாம் வந்தது. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். அடுத்த வருஷம் பம்பரத்துக்கு வயது தாண்டிவிடும். விடுதியிலிருந்து நாலு பேரை அனுப்பலாம். கோச்சின் பட்டியலில் முதல் பெயர் பம்பரம், இரண்டாவது நெட்டச்சி.

நெட்டச்சி நடுக்களத்தில் ஆடுகிறவள். அளவக்காவின் அறைக்குள் குனிந்துதான் வருவாள். அவளுடைய இரண்டு கால்களும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இடது நூற்று நாற்பத்தொன்பது, வலது நூற்றைம்பது. புதிதாக வருகிற பெண்களிடம் அளவக்கா அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவாள். "பாருங்க, கால்னா இப்படி இருக்கணும்."

சோதனை நாளில் பம்பரம் கடைசியாக வந்தாள். வலது நூற்று இருபத்தொன்பது. இடது நூற்று இருபத்தெட்டு. மூன்று தடவையும் கோடு போட்ட மாதிரி அதே இடம். இறங்கும்போது துளித் தடுமாற்றமில்லை. அளவக்கா பழைய நோட்டைப் பார்த்தாள். போன வருஷம் வலது நூற்று நாற்பத்தேழு. அதற்குப் பிறகு பிள்ளை மூன்று விரற்கடை வளர்ந்திருக்கிறாள்.

மற்றவர்களிடம் கேட்கிற மாதிரி நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் அழுவாள், தன் மனசு இளகிவிடும் என்று பயந்தாளோ என்னவோ, அவள் வேறு வழியில் போனாள். நோட்டை மூடி வைத்தாள்.

"சரி, முடிஞ்சுது. போ. நெட்டச்சி நூத்தம்பது தாண்டினா, தெரியுமா? இந்த விடுதியிலேயே அதான் அதிகம். உன்னால முடியாதுன்னு கோச் சார்கிட்ட சொல்லிட்டேன்."

"யாரு சொன்னா முடியாதுன்னு?"

"நோட்டு சொல்லுது."

"இப்ப பாக்குறீங்களா?"

"அதான் சோதனை முடிஞ்சுதே. சும்மா வேணா தாண்டு. எழுத மாட்டேன்."

பம்பரம் கையை வீசி வலது காலால் ஒரு தாண்டு தாண்டினாள். நூற்று ஐம்பத்தொன்று. "பாத்தீங்களா சித்தி!" என்று கத்தினாள். அந்த அறைக்குள் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதுகூட மறந்துபோயிற்று.

"அடேயப்பா! இடது?"

அதே சூட்டில் இடது காலாலும் தாண்டினாள். உயிரைக் கொடுத்துத்தான் தாண்டினாள். இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக ஆடியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். நூற்று இருபத்தெட்டு. நிமிர்ந்து பார்த்தபோது சித்தி காதிலிருந்து பேனாவை எடுத்துவிட்டிருந்தாள்.

"எழுத மாட்டேன்னு சொன்னீங்களே."

"ஆடுதுடி முழங்கால். நீயே பாத்தேல்ல?"

"எழுத மாட்டேன்னு சொன்னீங்களே சித்தி."

மூடி வைத்த நோட்டைத் திறந்தாள். எழுதினாள்.

கோச் ஓடி வந்தார். முதலில் குரலை உயர்த்தினார், அப்புறம் தணிந்தார். "எட்டு சென்டிமீட்டர்தானேம்மா குறையுது? பேனா உங்க கையிலதான் இருக்கு. இந்தப் பொண்ணு போனா கண்ண மூடிட்டு எடுத்துப்பாங்க. எனக்காக வேண்டாம், உங்க பிள்ளை அது."

"என் பிள்ளைங்கிறதாலதான் சார் முடியாது. போன வருஷம் அந்த மரக்கடைக்காரர் கெஞ்சினப்ப நான் முடியாதுன்னேன். இப்ப அக்கா பொண்ணுன்னதும் எட்டு சென்டிமீட்டரை முழுங்கினா, நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு டேப்பைப் பிடிப்பேன்?"

சொன்னது நியாயம்தான். ஆனால் அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரு விஷயம் அவளைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. கோச்சிடம் பேசியதில் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பேசியதெல்லாம் தன் மூஞ்சியைப் பற்றி.

மறுநாள் அக்கா வேலைக்குப் போகாமல் அவள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். விரல் நுனியெல்லாம் இஸ்திரிச் சூட்டில் காய்த்துப் போன கை. அந்தக் கையை நீட்டித்தான் பேசினாள்.

"அவ கால் எனக்குத் தெரியாதாடி? நான் பெத்த கால். நொண்டினாளா? வலிக்குதுன்னாளா?"

"அக்கா, வலி வந்தப்புறம் பாத்தா எதுக்குக்கா நான்? ஆறு வாரம்..."

"ஆறு வாரத்துல அந்த முகாம் திரும்ப வருமா? அதைச் சொல்லு முதல்ல."

"முழங்கால் போயிட்டா அப்புறம் ஆட்டமே இல்லக்கா."

"போயிருக்குமா? உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

அளவக்கா ஒரு கணம் தயங்கினாள். பிறகு, "தெரியும்" என்றாள்.

"சரி" என்று அக்கா திரும்பிப் போய்விட்டாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

நாலு பேர் முகாமுக்குப் போனார்கள். பம்பரத்தின் இடத்தில் வேறொருத்தி. ஐந்தாம் நாள் மதியம் கோச் போன் செய்தார். பின்னணியில் விசில் சத்தம் கேட்டது.

"நெட்டச்சிக்கு முழங்கால் போயிடுச்சும்மா. வலது. பக்கத்துல ஆளே இல்ல. பந்தை வாங்கித் திரும்பினா, விழுந்துட்டா." பிறகு, "எதுக்கும் உங்க நோட்டை எடுத்துப் பாருங்க, அவ கால் சமமா இருந்துச்சான்னு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரியில் பார்த்தாள். கட்டில் நீளம் போதாமல் நெட்டச்சியின் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முழங்காலைச் சுற்றி ஐஸ் பைகள். அவளைக் கண்டதும் அந்தப் பெண் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"மேடம், நான் அடக்கித் தாண்டல மேடம். சத்தியமா. எனக்கு நிஜமாவே ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு."

வலியில் கிடக்கிற பிள்ளைக்கு அந்தக் கவலை! தான் ஏமாற்றவில்லை என்று நிரூபிக்க வேண்டுமாம். அளவக்கா அவள் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். "தெரியும்மா, எனக்குத் தெரியும்" என்றாள். வெளியே வந்து தண்ணீர்க் குழாய் அருகே நின்று, கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

பம்பரம் ஆறு வாரமும் ஒரு நாள் தவறாமல் உடற்பயிற்சி செய்தாள். வாய் பேசாமல் வருவாள், சொன்னதைச் செய்வாள், போவாள். மறு சோதனையில் வலது நூற்று ஐம்பது, இடது நூற்று நாற்பத்திரண்டு. தாராளமாகத் தேறிவிட்டாள். அதற்குள் முகாமில் அணியைத் தேர்ந்தெடுத்து அறிவித்தாகிவிட்டது. இன்னும் ஒரு வருஷம் விடுதியில் ஆடினாள். ஆனால் அந்தப் பழைய சுழற்சி இல்லை. பந்து வந்ததும் பக்கத்தில் இருப்பவளுக்குத் தட்டிவிட்டு நின்றுவிடுவாள். "கால்ல ஒண்ணுமில்ல, மனசு விட்டுப்போச்சு" என்றார் கோச். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நெட்டச்சியும் பத்து மாதத்தில் திரும்பி வந்தாள். ஒரு பருவம் இரண்டாம் அணியில் ஆடிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அளவக்கா தன்னைத் தேற்றிக்கொள்ள ஒன்று வைத்திருந்தாள். பம்பரம் போயிருந்தால் அவள் முழங்காலும் போயிருக்கும், நான் காப்பாற்றினேன். அந்த ஞாபகம் வரும்போதெல்லாம் இதைச் சொல்லிக்கொள்வாள். அறுந்த முழங்காலைக் காட்டலாம், அறாத முழங்காலை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? அக்கா அதற்கெல்லாம் காது கொடுப்பவளாகவும் இல்லை.

அந்த முகாம் நடந்து மூன்று வருஷம் கழித்து மறுபடி ஒரு பயிற்சி வகுப்பு. அதே நிபுணர். முடி கொஞ்சம் நரைத்திருந்தது, ஷூ அதே வெள்ளை. இந்தத் தடவை அவர் படங்களைக் காட்டிச் சொன்னார்: இந்தச் சோதனைகளை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கு அடிபடும், யாருக்குப் படாது என்று சொல்லிவிட முடியாது. சமமான கால்காரிக்கும் அறுகிறது, சமமில்லாதவள் வருஷக்கணக்காக ஆடுகிறாள். பலவீனம் எங்கே என்று தெரிந்து பயிற்சி கொடுக்க இது நல்ல கருவி. ஒருத்தியை ஆட்டத்திலிருந்து ஒதுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள்.

அளவக்கா எழுந்து நின்றாள்.

"சார், போன தடவை நீங்க பத்துல ஒன்பது பங்கு இல்லேன்னா ஆபத்துன்னு சொன்னீங்க. நான் எழுதி வச்சிருக்கேன்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, வழக்கமான சிரிப்பு. "அன்னிக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் மேடம். அறிவு வளர்ந்துக்கிட்டே இருக்குமில்ல? ஆமா, ஒதுக்கணும்னு நான் சொன்னேனா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். சொல்லவில்லை. ஆபத்து என்று மட்டும்தான் சொன்னார். போகக் கூடாது என்று எழுதியது அவள் கை. அவள் உட்கார்ந்தாள். டீக்கு மணி அடித்தது, எல்லோரும் எழுந்து போனார்கள்.

விடுதிக்கு வந்ததும் அந்த விதித் தாளைக் கிழித்தாள். சோதனை இருக்கும், பயிற்சி இருக்கும், தடை கிடையாது என்று வேறு எழுதிக் கொடுத்தாள். செயலாளர் அதற்கும் கையெழுத்துப் போட்டார். இரண்டு தாளையும் அவர் படித்த மாதிரி தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு மதியம் பம்பரத்தைத் தேடிப் போனாள். அவள் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற இடத்தில் இருந்தாள். பத்தொன்பது வயது. சாப்பாட்டு இடைவேளையில் கடைக்குப் பின்னால், காலி அட்டைப் பெட்டிகள் அடுக்கிய இடத்தில், இரண்டு பிளாஸ்டிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"அந்த விதியை எடுத்துட்டேன்மா."

"எந்த விதி?"

"கால் சமமா இல்லேன்னா அனுப்பக் கூடாதுங்கிறது. அது... அது அப்படி இல்லையாம். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

பம்பரம் டப்பாவை மூடினாள். "எப்ப எடுத்தீங்க?"

"போன வாரம்."

"நல்லது. இப்ப இருக்கிறவங்களாவது போவாங்க."

"உனக்கு என்மேல கோபம் இருக்கும். இருக்கணும்."

"நீங்க எழுதுனதுக்குக் கோபம் இல்ல சித்தி. மத்தவங்களுக்கும் அப்படித்தானே எழுதுனீங்க? ஆனா மத்தவங்களை நேரா கேட்டுத் திரும்பத் தாண்டச் சொன்னீங்க. என்னை மட்டும் உசுப்பேத்திவிட்டுப் பிடிச்சீங்க. நெட்டச்சிய சொன்னா எனக்குப் பொறுக்காதுன்னு உங்களுக்குத்தான் தெரியும், வேற யாருக்கும் தெரியாது." குரல் உயரவில்லை. கடையில் மீதிச் சில்லறை சொல்கிற அதே குரல். "அப்புறம் பந்து கால்ல வரும்போதெல்லாம், யாராவது எதையாவது எழுதிட்டு இருப்பாங்கன்னே தோணும். அதான் விட்டுட்டேன்."

"உன் முழங்காலுக்காகத்தான்மா..."

"முழங்கால் நல்லாத்தான் இருக்கு. நாள் பூரா நிக்கிறேன், ஒரு வலி கிடையாது."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பம்பரம் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "பஸ் ஸ்டாப் இந்தப் பக்கம் கிட்ட" என்று வழி காட்டிவிட்டு உள்ளே போனாள்.

அளவக்கா இன்னும் அதே அறையில்தான் வேலை பார்க்கிறாள். சோதனைக்கு வருகிற பெண்களிடம் முதலிலேயே, இது எதற்கு, என்ன எழுதுவேன், அதை யார் பார்ப்பார்கள் என்று சொல்லிவிடுகிறாள். சிலர் இன்னமும் அடக்கித்தான் தாண்டுகிறார்கள். அவளுக்குத் தெரிகிறது. பழைய நோட்டைப் பார்க்கிறாள், ஒன்றும் கேட்பதில்லை, பயிற்சித் தாளை மட்டும் கையில் கொடுத்து அனுப்புகிறாள். சென்ற வருஷம் ஒரு பெண்ணுக்கு முழங்கால் அறுந்தது. இந்த வருஷம் இதுவரை யாருக்கும் இல்லை. ஏன் என்று கோச் கேட்டால், தெரியாது என்கிறாள்.

பம்பரம் எப்போதாவது போன் செய்து நலம் விசாரிப்பாள். அக்கா மட்டும் இன்றுவரை தங்கை வீட்டுப் படி ஏறவில்லை.